வெடிக்கு அளவு உண்டு... தொண்டைக்குக் கிடையாதா?

திருவிழா மேடைகளில் மானம் போகும் உள்ளூர்ப் பாடகர்கள்! "கட்டை" பார்க்காத பாட்டுப் போட்டிகள்!

பங்குனி பிறந்தால் விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோவில் பொங்கல். சித்திரை பிறந்தால் சிவகாசி பத்திரகாளியம்மன் கோவில் பொங்கல். இரண்டு மாதமும் ஊர் தூங்காது. தெருவுக்குத் தெரு பந்தல், சீரியல் லைட், மைக்செட். சாமி கும்பிட்ட கையோடு மேடையில் பாட்டுப் போட்டி.

மேடை ஏறுகிறவர்கள் யார்? பகலெல்லாம் அச்சகத்தில் நின்ற தம்பி. தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். பருப்பு மண்டியில் மூட்டைக்கு நம்பர் போடுகிறவர். பயராபீசில் திரி சொருகிவிட்டு, வேனில் வந்து இறங்கி, முகம் கழுவிக்கொண்டு ஓடி வந்த தங்கச்சி. எல்லாரும் பாட்டு வாத்தியார் முகத்தையே பார்க்காதவர்கள். ரேடியோவும் டீக்கடையும்தான் அவர்களுக்குக் குரு.

மைக்செட்காரர் பென் டிரைவைச் சொருகுகிறார். பாட்டுக்கு உரிய மேளம் மட்டும் ஒலிக்கிறது. அச்சகத் தம்பி மைக்கைப் பிடிக்கிறார். பல்லவி பிரமாதம்! கூட்டம் நிமிர்ந்து உட்காருகிறது. அனுபல்லவியும் தப்பிவிட்டது. சரணம் வந்தது... மேலே போகவேண்டிய இடம் வந்தது... குரல் கீச்சென்று உடைந்தது!

அவ்வளவுதான். விசில். "ஏப்பா, எறங்குப்பா!" என்று பின்வரிசையில் ஒரு குரல். தம்பி தலையைக் குனிந்துகொண்டு இறங்குகிறார்.

அடுத்தவர் வருகிறார். கழுத்து நரம்பு புடைக்க, கண் பிதுங்கக் கத்துகிறார். சுருதி எங்கேயோ நிற்கிறது, குரல் எங்கேயோ போகிறது. ஆனால் உயரத்தை எட்டிவிட்டாரே! கைத்தட்டல் பறக்கிறது. எவர்சில்வர் குடம் அவருக்கு!

எந்தத் தெருவில் நடந்தது என்று கேட்கவேண்டாம். எல்லாத் தெருவிலும் இதே கதைதான். இறங்கிப் போன தம்பி அடுத்த வருடம் மேடைப் பக்கமே வருவதில்லை. கேட்டால், "நமக்கு எதுக்கு அண்ணாச்சி பாட்டெல்லாம்?" என்பார்.

அவர் செய்த குற்றம் என்ன? பாடத் தெரியாததா? இல்லவே இல்லை. அவருக்குப் பொருந்தாத கட்டையில் அவரைப் பாடவைத்தார்களே... அதுதான் குற்றம். குற்றவாளி அவர் அல்ல, விழாக் கமிட்டி!

கட்டை என்றால் என்ன?

ஆர்மோனியப் பெட்டியைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். வெள்ளைக் கட்டைகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை கணக்கு. நடுவிலே இருக்கும் கறுப்புக் கட்டைகள் எல்லாம் அரைக் கணக்கு. ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாது. ஆகவே "மூன்றரைக் கட்டையில் பாடுவேன்" என்று யாராவது மார் தட்டினால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்! ஆக மொத்தம் பன்னிரண்டு இடங்கள். அதில் ஒருவர் எந்த இடத்தை "ச" என்று வைத்துக்கொண்டு பாடுகிறாரோ, அதுவே அவருடைய கட்டை.

கச்சேரி செய்யும் ஆண்களில் பெரும்பாலோர் ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று நிற்பார்கள். பெண்கள் பொதுவாக நாலரையிலிருந்து ஆறுக்குள். இதில் உயர்வு தாழ்வு எதுவும் கிடையாது. காலுக்குச் செருப்பு மாதிரி. எட்டாம் நம்பர் கால்காரர் ஆறாம் நம்பர் செருப்பைப் போட்டால் கால்தான் கடிபடும்.

கச்சேரிக்காரர்கள் கட்டையை எப்படிப் பிடிக்கிறார்கள்? கீழே மந்தர பஞ்சமத்தைத் தொடவேண்டும். மேலே தார ஸ்தாயி பஞ்சமத்தைத் தொடவேண்டும். இரண்டும் கரகரப்பு இல்லாமல் எந்தக் கட்டையில் வருகிறதோ அதில் நின்றுவிடுவார்கள். இது இரண்டு ஸ்தாயி வீச்சு. பயிற்சி உள்ள குரலுக்குச் சரி. பயிற்சி இல்லாதவர்களுக்குச் சிரமமின்றி வருவது ஒன்றரை ஸ்தாயி அளவுதான். அதற்குள்ளே எத்தனையோ நல்ல பாட்டு அடங்கும். ஆனால் சரியான இடத்தில் தொடங்கினால்தான் அடங்கும்!

சினிமாப் பாட்டு விஷயம் வேறு. இசையமைப்பாளர் பாடப்போகிறவரை முதலிலேயே மனதில் வைத்துக் கட்டையைத் தீர்மானிக்கிறார். அது அந்தப் பாடகருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. ஜோடிப் பாட்டு என்றால் இன்னும் தொல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சுருதிதான். ஒருவருக்கு வசதியாக இருந்தால் இன்னொருவர் எக்கவேண்டும் அல்லது குனியவேண்டும். பெரிய பாடகர்கள் அதையும் சமாளித்துவிடுகிறார்கள். பயராபீஸ் தங்கச்சி என்ன செய்வார்?

அந்த ஒரே சட்டையைத்தான் ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் மாட்டிவிட்டு, "ஏன் இறுக்குது?" என்று கேட்கிறது விழாக் கமிட்டி.

உச்சஸ்தாயி மோகம் வந்த கதை

இந்த மோகம் இன்று நேற்று வந்ததல்ல. அதற்கு ஒரு காரணமும் இருந்தது.

மைக் இல்லாத நாடக மேடை. எதிரே ஆயிரக்கணக்கில் ஜனம். கடைசி வரிசையில் கட்டை வண்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டுக் கேட்கவேண்டும். குரல் உயரமாக இருந்தால்தான் கூட்டத்தின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு போகும். ஆகவே நடிகர்கள் உயரத்தில் பாடினார்கள். செங்கோட்டையில் 1906-ல் பிறந்த எஸ்.ஜி.கிட்டப்பா அப்படிப் பாடியே தமிழ்நாட்டைக் கட்டிப்போட்டார். 1933-ல் மறைந்தபோது அவருக்கு வயது 27 தான். அவரோடு மேடையேறிய கொடுமுடி கே.பி.சுந்தராம்பாளின் குரல் இன்றைக்கும் கோவில் மைக்கில் கணீரென்று ஒலிக்கிறது.

சிவகாசிக்கு வேறு எங்கும் போகவேண்டாம். இந்த மண்ணிலேயே 1886-ல் பிறந்தவர் தியாகி விசுவநாததாஸ். முருகன் வேஷம் போட்டுக்கொண்டு வெள்ளைக்காரனை விரட்டும் பாட்டைப் பாடுவார். போலீஸ் கைது செய்யும். வெளியே வந்து மறுபடியும் பாடுவார். மறுபடியும் ஜெயில்! 1940 டிசம்பர் 31-ந் தேதி சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம் நாடகம். முருகனாக மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தவர், மேடையிலேயே உயிரை விட்டார். திருமங்கலத்தில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவு இல்லம்.

அவர் பாட்டை ஜனங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்களே, எதற்காக? எத்தனை கட்டை என்று எண்ணிப் பார்த்தா? சொன்ன விஷயம் நெஞ்சில் தைத்தது. அதனால் வயலிலும் கிணற்றடியிலும் அவரவர் குரலில் அவரவர் பாடினார்கள்.

பிறகு மைக் வந்தது. கதையே மாறியது! காதோரம் பேசுகிற மாதிரிப் பாடினாலும் கடைசி வரிசைக்குக் கேட்டது. ஏ.எம்.ராஜாவும் பி.பி.சீனிவாசும் மெல்லிய குரலில் பாடி வீடு வீடாக நுழைந்தார்கள். கர்நாடக சங்கீதத்தில் எம்.டி.ராமநாதன் (1923-1984) ஒரு கட்டைக்கும் கீழே இறங்கி, அவசரமே இல்லாமல் பாடினார். ஆரம்பத்தில் முகம் சுளித்தவர்கள் உண்டு. இன்று அவர் பாட்டைத் தேடித் தேடிக் கேட்கிறார்கள்.

மைக் வந்து இத்தனை காலம் ஆகியும் பொங்கல் மேடையில் மட்டும் மைக் இல்லாத காலத்து அளவுகோல்! கையில் மைக், பக்கத்தில் ஆள் உயர ஸ்பீக்கர்... அப்புறம் எதற்கய்யா கத்தல்?

காப்பி அடித்தால் கதை முடிந்தது

மதுரையில் பிறந்த டி.எம்.சவுந்தரராஜன் கதை எல்லாருக்கும் பாடம். அவர் முதலில் பாடிய படம் 1950-ல் வந்த கிருஷ்ண விஜயம். அதில் அவர் குரல் அச்சு அசல் தியாகராஜ பாகவதர் சாயல். பாகவதர் மீது அவ்வளவு பக்தி! ஆனால் பாகவதர் மாதிரியே பாடிக்கொண்டிருந்தால் இன்னொரு பாகவதராகக்கூட ஆகியிருக்க முடியாது. தன்னுடைய கனத்த குரலைக் கண்டுபிடித்த பிறகுதான் அவர் டி.எம்.எஸ். ஆனார். சிவாஜிக்கு ஒரு விதம், எம்.ஜி.ஆருக்கு ஒரு விதம் என்று அதே குரலை வளைத்தார். குரல் அவருடையது, கட்டை அவருடையது. ஆகவே வளைந்தது.

பி.சுசீலா மாதிரி எல்.ஆர்.ஈஸ்வரி பாடவில்லை. ஈஸ்வரி மாதிரி சுசீலா பாடவில்லை. இரண்டு பேருக்கும் இடம் இருந்தது. அம்மன் கோவில் என்றால் இன்றைக்கும் ஈஸ்வரி குரல்தானே முதலில் வருகிறது?

டெலிவிஷனில் சூப்பர் சிங்கர் போட்டி 2006-ல் தொடங்கியது. அதைப் பார்த்துத்தான் தெருப் போட்டிகளிலும் "மேலே போ... மேலே போ..." என்ற பித்து ஏறியது. ஆனால் 2018-ல் அதே போட்டியில் வெற்றி பெற்றவர் யார்? நாட்டுப்புறப் பாட்டைப் பாடிய செந்தில் கணேஷ்! சங்கதியும் சர்க்கஸும் செய்தவர்களைத் தாண்டி மண்ணுப் பாட்டுக்காரர் பரிசை எடுத்துப் போனார். இதை மட்டும் கமிட்டிக்காரர்கள் வசதியாக மறந்துவிட்டார்கள்.

மதினிமாருக்குத் தெரிந்தது கமிட்டிக்குத் தெரியாதா?

முளைப்பாரிக் கும்மியைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். ஒரு அக்கா பாட்டை எடுத்துக் கொடுப்பார். சுற்றி நிற்பவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அக்கா கொஞ்சம் உயரமாகத் தொடங்கிவிட்டால் போதும், "எறக்கிப் பிடி மதினி, தொண்டை எட்டலே!" என்று பக்கத்திலிருந்து குரல் வரும். அக்கா உடனே இறக்கிப் பிடிப்பார். பிறகு விடிய விடியக் கும்மிதான். ஒரு குரலும் உடையாது.

அந்த வட்டத்தில் ஆர்மோனியம் கிடையாது, நடுவர் கிடையாது. ஆனால் எல்லாருக்கும் எட்டுகிற கட்டை எது என்பதை அரை நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுகிறார்கள்! ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மார்கழி விடியலில் கூட்டாகத் திருப்பாவை சொல்லுகிற பெண்களும் இப்படித்தான். முப்பது பாட்டையும் களைக்காமல் முடிக்கவேண்டும் என்றால் எல்லாருக்கும் பொதுவான சுருதியில் நின்றாகவேண்டும்.

இதே மதினிமாரைப் பார்த்து, "மேடையில் ஒரு பாட்டுப் பாடுங்க" என்றால், "அய்யய்யே, எனக்குப் பாடவே தெரியாது!" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். இரவெல்லாம் கும்மி பாடியவருக்குப் பாடத் தெரியாதாம்! இப்படி அவரை நம்பவைத்தது யார்? "சினிமாப் பாடல் மட்டும்" என்று நோட்டீஸ் அடிக்கிற போட்டிகள்தான். கும்மி, தாலாட்டு, தெம்மாங்கு, வில்லுப்பாட்டு எதற்கும் அங்கே இடம் இல்லை. மண்ணில் விளைந்த பாட்டுக்கு மேடையில் தடை, வெளியூர்ச் சட்டைக்கு மட்டும் வரவேற்பு!

தொண்டை என்ன இரும்பா?

மானம் போவது ஒரு பக்கம். தொண்டையும் போகிறதே!

தொண்டைக்குள் இரண்டு குரல் நாண்கள் இருக்கின்றன. பெரியவர்களுக்கே இரண்டு சென்டிமீட்டர் சுற்றுவட்டம்தான் நீளம். ஆணுக்குக் கொஞ்சம் நீளம், ஆகவே குரல் கனம். பெண்ணுக்குக் குட்டை, ஆகவே குரல் உயரம். சாதாரணமாகப் பேசும்போதே ஆணின் குரல் நாண் வினாடிக்கு நூறு தடவைக்கு மேல் அதிர்கிறது. பெண்ணுக்கு ஏறத்தாழ இருநூறு தடவை. உச்சத்துக்குப் போகப்போக இந்த எண்ணிக்கை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. எட்டாத உயரத்துக்குத் தினமும் கத்தினால் நாண்கள் ஒன்றோடொன்று மோதி வீங்கும். வீக்கம் தொடர்ந்தால் முடிச்சு விழும். கையில் காய்ப்பு விழுகிற மாதிரி! பிறகு பாட்டு மட்டுமல்ல, பேச்சும் கரகர.

பதின்மூன்று, பதினாலு வயதுப் பையன்கள் பாடுதான் பரிதாபம். மகரக்கட்டு என்பார்களே, குரல் உடைகிற பருவம். நேற்றுவரை குயில், இன்றைக்குத் தவளை. அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனிகளில் மகரக்கட்டு வந்தால் கதாநாயகன் வேஷம் போய்விடும். பையன்கள் பயந்து நடுங்குவார்கள். இன்று வேஷம் போகிற பயம் கிடையாது. ஆனால் போன வருடம் பரிசு வாங்கிய பாட்டையே அதே உயரத்தில் பாடச் சொல்லி மேடையில் தள்ளுகிறார்கள். குரல் உடைந்ததும் சபை சிரிக்கிறது. பையன் வாழ்நாள் முழுக்க வாயை மூடிக்கொள்கிறான்.

இந்தப் பக்கத்து உழைப்பாளிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. வெடி மருந்துத் தூள், காகிதத் தூசி, வெயில், தாகம்... எட்டு மணி நேரம் இதற்குள் இருந்துவிட்டு வறண்ட தொண்டையோடு மேடைக்கு வருகிறார். அந்தத் தொண்டைக்குக் கொஞ்சம் வெந்நீரும் ஒரு கட்டை இறக்கமும் தேவை. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியே இருந்தால் கசாயத்தோடு நிற்காமல் காது, மூக்கு, தொண்டை டாக்டரைப் பார்ப்பது அவசியம்.

பட்டாசு ஊருக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டுமா? வெடிக்கும் இடத்திலிருந்து நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் போடும் வெடியைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று 1999-ல் உத்தரவு வந்தது. மருந்து ஒரு சிட்டிகை கூடினால் என்ன ஆகும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். வெடிக்கு அவ்வளவு கணக்குப் பார்க்கிற ஊரில், தொண்டைக்கு மட்டும் கணக்கே கிடையாதா?

ஜப்பான்காரர் காட்டிய வழி

சிவகாசியைக் "குட்டி ஜப்பான்" என்பார்கள். அந்தப் பெரிய ஜப்பானிலிருந்துதான் கரோக்கே வந்தது. கோபே நகரத்தில் இசைக்கருவி வாசித்துக்கொண்டிருந்த டைசுகே இனோவே என்பவர் 1971-ல் அந்தப் பெட்டியைச் செய்தார். அது பிறந்த கதை ருசியானது. அவருடைய வாடிக்கையாளர் ஒருவருக்குப் பாட ஆசை. வெளியூர்ப் பயணத்துக்குக் கூட வந்து வாசிக்கச் சொன்னார். இனோவேயால் போக முடியவில்லை. ஆகவே அந்த மனிதர் பாடுகிற விதத்துக்கு ஏற்றபடி மேளத்தை டேப்பில் பதிந்து கொடுத்து அனுப்பினார். அதிலிருந்து பிறந்ததுதான் கரோக்கே!

ஆக, மனிதனுக்கு ஏற்றபடி மேளத்தை மாற்றத்தான் அது வந்தது. மேளத்துக்கு ஏற்றபடி மனிதனை நெரிப்பதற்கு அல்ல.

இன்றைக்கு மைக்செட்காரரின் லேப்டாப்பிலும், ஏன், கையிலிருக்கும் செல்போனிலுமே வேகம் மாறாமல் கட்டையை மட்டும் அரை அரையாக ஏற்றவும் இறக்கவும் வசதி இருக்கிறது. ஒரு பொத்தான் வேலை. அரை நிமிஷம். செலவு சல்லிக்காசு கிடையாது! அந்த அரை நிமிஷத்தைக்கூடக் கொடுக்க மாட்டோம் என்றால் போட்டி எதற்கு?

"போட்டி என்றால் எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வேண்டாமா?" என்று கமிட்டிக்காரர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதே கமிட்டிகள்தானே ஊர் ஊராகக் கபடிப் போட்டிக்கு "55 கிலோ எடைப் பிரிவு" என்று போஸ்டர் ஒட்டுகின்றன? ஆளைத் தராசில் நிறுத்தி எடை பார்த்த பிறகுதானே களத்தில் இறக்குகிறார்கள்? அங்கே எடை பார்ப்பது நியாயம் என்றால், இங்கே கட்டை பார்ப்பது மட்டும் எப்படிச் சலுகை ஆகும்?

ஒரே அளவுகோல் வேண்டும்தான். சுருதி சேர்ந்ததா, தாளம் தப்பாமல் இருந்ததா, வார்த்தை சுத்தமாக விழுந்ததா, பாட்டின் பொருள் நெஞ்சில் இறங்கியதா... இவைதான் அளவுகோல். எவ்வளவு உயரம் என்பது பனைமரத்துக்குக் கேட்கவேண்டிய கேள்வி!

செய்யவேண்டியது என்ன?

போட்டி நாளன்று ஒரு மணி நேரம் முன்னாலேயே பெயர் கொடுத்தவர்களை அழைத்து, ஒரு ஆர்மோனியக்காரரை உட்காரவைத்து, ஒவ்வொருவருக்கும் எது கட்டை என்று குறித்துக்கொள்ளட்டும். மைக்செட்காரர் அதன்படி மேளத்தை மாற்றட்டும்.

சினிமாப் பாட்டுக்கு ஒரு பரிசு என்றால், கும்மிக்கும் தெம்மாங்குக்கும் தனியாக இன்னொரு பரிசு வைக்கட்டும். மகரக்கட்டுப் பருவத்துப் பையன்களைப் போட்டிக்கு வற்புறுத்தாமல் ஒரு வருடம், இரண்டு வருடம் பொறுக்கட்டும். ஆசை இருந்தால் தாழ்ந்த சுருதியில் கூட்டுப் பாட்டில் சேர்க்கட்டும்.

ஸ்பீக்கரையும் கவனிக்கவேண்டும். 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் அளவு. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை. திருவிழாவுக்கு அரசு நேரத்தை நீட்டிக்கலாம், அதுவும் நள்ளிரவு 12 மணிவரைதான், வருடத்தில் 15 நாளுக்கு மேல் கிடையாது. இந்த விதியைத் தெருவில் யார் மதிக்கிறார்கள்? மேளத்தின் சத்தத்தைக் காது கிழிய ஏற்றிவைத்தால், பாடுகிறவருக்குத் தன் குரலே கேட்காது. கேட்காவிட்டால் கத்தத்தான் செய்வார். மேளத்தைக் குறைத்தால் பாடகருக்கும் நல்லது, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கும் நல்லது, பக்கத்து வீட்டுக் கிழவருக்கும் நல்லது.

பாடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்குப் பிடித்த பாடகர் வேறு, உங்கள் குரலுக்குப் பிடித்த பாட்டு வேறு. சீர்காழியாரைப் பிடிக்கலாம், தொண்டை பி.பி.சீனிவாஸ் பக்கம் இருக்கலாம். தொண்டை சொல்வதைக் கேட்பதில் வெட்கம் இல்லை.

இந்தப் பட்டாசுச் சீமையில் ஜனங்களின் உழைப்பு கொஞ்சமா? காலை இருட்டில் வேன் ஏறி, மாலை இருட்டில் இறங்குகிறார்கள். அவர்களுக்கு என்று சொந்தமாக இருக்கும் ஒரே சொத்து வேனில் வரும்போது முணுமுணுக்கிற பாட்டு. அதையும் விசிலடித்துப் பிடுங்கவேண்டுமா?

வருகிற பொங்கலுக்கு அச்சகத் தம்பி மறுபடியும் மேடை ஏறவேண்டும். ஏறினால், பாட்டின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் கமிட்டிக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்:

"தம்பி, உனக்கு எத்தனை கட்டை?"